பொன்னுக்கு வீங்கியில் தொடங்கிய லோ-கோட் கதை: ஒரு நீள இழை

"கோடிங் தெரியாதா? கவலை வேண்டாம், அரை மணி நேரத்தில் உங்கள் பிசினஸுக்கு நீங்களே ஆப் செய்யலாம்!" இந்த விளம்பரம் உங்கள் போனிலும் வந்திருக்கும். இதற்கு லோ-கோட் என்று பெயர். கட்டங்களை இழுத்துப் போட்டு, அது கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லி, பத்து இருபது வரி சூத்திரத்தோடு ஒரு ஆப்பை முடித்துவிடலாம். ஏதோ நேற்று முளைத்த சமாச்சாரம் மாதிரி பேசுகிறார்கள். இல்லை. இதற்கு அறுபது வருடக் கதை இருக்கிறது. அந்தக் கதையின் முக்கியமான ஒரு வேர் ஆஸ்பத்திரிக்குள் இருக்கிறது. டீ போட்டுக்கொண்டு வாங்க, இழை கொஞ்சம் நீளம்.

முதலில் ஒரு ஒப்புதல் வாக்குமூலம். நானும் ஒரு ஆப் செய்தேன். அதனால் ஒரு சிறுவனுக்குத் தடுப்பூசி தவறப் பார்த்தது.

அப்போது ஒரு தாலுகா ஆஸ்பத்திரியில் இருந்தேன். நாய்க்கடிக்கு வருபவர்களுக்கு ஏ.ஆர்.வி. போடுவோம். முதல் நாள், 3-ம் நாள், 7-ம் நாள், 28-ம் நாள் என்று நான்கு முறை வர வேண்டும். முதல் ஊசிக்கு எல்லோரும் அலறியடித்து வருவார்கள். 28-ம் நாளுக்குள் கடித்த நாயும் மறந்துவிடும், புண்ணும் ஆறிவிடும், பாதிப் பேர் வர மாட்டார்கள். ரேபிஸ் அறிகுறி தொடங்கிவிட்டால் பிழைத்தவர்களை உலகம் முழுக்க விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்தக் கவலையில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒரு ஷீட்டும் ஒரு படிவமும் செய்தேன். பெயர், போன் நம்பர், முதல் ஊசி போட்ட தேதி, இந்த மூன்றையும் போட்டால் அடுத்த மூன்று தேதிகளையும் அதுவே கணக்குப் போடும். தினமும் காலையில் "இன்று வர வேண்டியவர்கள்" என்று ஒரு லிஸ்ட் வரும். வராதவர்களுக்கு போன் போட வேண்டியதுதான்.

நல்லாத்தான் ஓடிச்சு. எனக்கு ஏகப்பட்ட பெருமை.

ஜூலை முதல் வாரம் முடிந்து ஒரு காலையில் ஊசி அறை சிஸ்டர் வந்தாங்க. "சார், நேத்து மூணாவது நாள் ஊசிக்கு வர வேண்டிய பையன் உங்க லிஸ்ட்லயே இல்ல. என் நோட்டுல இருக்கான்." போய்ப் பார்த்தால், ஆபீஸ் கம்ப்யூட்டரில் தட்டும்போது 04/07 என்று போட்டிருக்கிறார்கள். நமக்கு அது ஜூலை 4. அந்தக் கம்ப்யூட்டர் அமெரிக்க முறையில் அமைக்கப்பட்டிருந்தது. அதற்கு அது ஏப்ரல் 7. அந்தப் பையனின் மூன்று தேதிகளும் எப்போதோ முடிந்து போனவை. எந்தக் காலையிலும் அவன் பெயர் வரப்போவதில்லை.

நான் சோதனை போட்டது ஜூன் கடைசியில். 25/06 என்று தட்டினால் இருபத்தைந்தாவது மாதம் என்று ஒன்று கிடையாது, அதனால் ஷீட் உடனே சிவப்பில் கத்தும், நாங்கள் திருத்திவிடுவோம். மாதத்தில் முதல் பன்னிரண்டு தேதிகளில்தான் அது சத்தமே போடாமல் தப்பாகப் புரிந்துகொள்ளும். கத்துகிற தவறு பரவாயில்லைங்க. மௌனமாக இருக்கிற தவறுதான் ஆளைக் கொல்லும். இது மருத்துவத்திலும் அப்படித்தான்.

பையனை அன்றைக்கே போன் போட்டு வரவழைத்து ஊசி போட்டோம். ஒரு நாள் தாமதம், ஒன்றும் ஆகவில்லை. அவனைக் காப்பாற்றியது என் ஆப் இல்லை. என் ஆப்பை நம்பாமல் சிஸ்டர் பக்கத்திலேயே வைத்திருந்த கோடு போட்ட நோட்டு.

அதற்கப்புறம்தான் எனக்கு முன்னால் இந்த வேலையை யார் யார் செய்தார்கள், அவர்களுக்கு என்ன நடந்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அந்தக் கதைதான் இது.

1960-களின் நடுப்பகுதி, அமெரிக்காவின் பாஸ்டன் நகரம், மாசசூசெட்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரி. அங்கே ஆக்டோ பார்னெட் என்ற டாக்டர் ஒரு கணினி ஆய்வகம் நடத்தினார். அந்தக் காலக் கணினிகள் ஆஸ்பத்திரிக்கு ஒத்து வராதவை. அட்டையில் துளை போட்டுக் கொடுத்துவிட்டு, கணினி அறைக்காரர்கள் ஓட்டி முடிக்கிற வரை காத்திருக்க வேண்டும். சம்பளக் கணக்குக்கு அது போதும். வார்டில் சோடியம் 118 என்று ஒரு ரிசல்ட் வந்தால் அடுத்த நாள் வரை காத்திருக்க முடியுமா? அதோடு, அப்போதைய கணினி மொழிகள் எண்களுக்காகச் செய்யப்பட்டவை. கேஸ் ஷீட் அப்படி இல்லையே. ஒருவருக்கு இரண்டு டெஸ்ட், இன்னொருவருக்கு இருநூறு. பாதி கட்டங்கள் காலி, மீதியில் கிறுக்கல்.

பார்னெட்டின் குழுவில் இருந்த நீல் பாப்பலார்டோ, ராபர்ட் கிரீன்ஸ், கர்ட் மார்பிள் ஆகியோர் 1966-67-ல் ஆஸ்பத்திரிக்கென்றே ஒரு மொழியைச் செய்தார்கள். பல பேர் ஒரே நேரத்தில் தட்டலாம், பதில் அப்போதே வரும், தரவு எந்த வடிவத்தில் இருந்தாலும் வைத்துக்கொள்ளும். அந்த ஆஸ்பத்திரியின் பெயரை முன்னால் வைத்து ஒரு நீளமான ஆங்கிலப் பெயர் சூட்டினார்கள். முதல் எழுத்துகளைச் சேர்த்தால் மம்ப்ஸ்.

ஆமாம், நம்ம பொன்னுக்கு வீங்கி! கழுத்துக்கு மேலே கன்னம் வீங்குமே, அதே மம்ப்ஸ்தான். டாக்டர்கள் கையில் பெயர் வைக்கிற பொறுப்பைக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும்.

இங்கே ஒரு கிளைக்கதை, தேதி விஷயத்தில் அடிபட்டவன் என்பதால் எனக்கு ரொம்பப் பிடித்தது. மம்ப்ஸில் தேதிகள் நாள் எண்ணிக்கையாகத்தான் இருக்கும். 1-ம் நாள் எது தெரியுமா? 1841 ஜனவரி 1. ஏன் அந்த வருடம்? அந்தப் பகுதியை எழுதிய ஜேம்ஸ் பாய்ட்ராஸ், அமெரிக்காவில் உயிரோடு இருக்கும் மிக மூத்த மனிதர் உள்நாட்டுப் போரில் சண்டை போட்ட 121 வயதுக்காரர் என்று எங்கேயோ படித்திருக்கிறார். அவரே நாளைக்கு நம்ம ஆஸ்பத்திரிக்கு வந்து அட்மிட் ஆனால் பிறந்த தேதி பதிவாக வேண்டாமா என்று யோசித்து, 1840-களின் தொடக்கத்திற்குப் போயிருக்கிறார். வரப்போகிற நோயாளியை மனதில் வைத்துத் தேதியைத் தொடங்கிய மனிதர். நான் வைக்காமல் விட்டேன்.

இப்போது கதை பாஸ்டனில் இருந்து நகர்கிறது. அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினருக்கென்று அரசே நடத்துகிற ஆஸ்பத்திரிகள் உண்டு. நம்ம அரசு ஆஸ்பத்திரி மாதிரியே சம்பளத்துக்கு டாக்டர்கள், தலைநகரில் இருந்து சுற்றறிக்கை, வரிசை, புகார், எல்லாம் உண்டு. 1970-களில் அப்படிச் சுமார் 170 ஆஸ்பத்திரிகள். கணினி என்றால் தலைமையகத்தில் அதற்கென்று ஒரு தனி அலுவலகம், அங்கே பெரிய பெரிய இயந்திரங்கள். ஒரு லேப் டாக்டருக்கோ மருந்தாளுநருக்கோ ஏதாவது வேண்டுமென்றால் எழுதிப் போட வேண்டும். எப்போது வரும் என்று கேட்கக்கூடாது.

1977-ல் அந்தத் துறையின் மருத்துவப் பிரிவுக்கு டெட் ஓ'நீல், மார்ட்டி ஜான்சன் என்று இருவர் வந்தார்கள். இருவரும் அதற்கு முன் மம்ப்ஸை ஒரு பொதுத் தரமாக ஆக்குவதற்கு உழைத்தவர்கள். அவர்கள் யோசனை எளிமையானது: மென்பொருளைத் தலைமையகத்தில் செய்து கீழே அனுப்பாதீர்கள். ஆஸ்பத்திரிக்குள்ளேயே, அந்த வேலையைச் செய்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து செய்யுங்கள். சின்னச் சின்னதாகச் செய்யுங்கள். நன்றாக இருந்தால் அடுத்த ஆஸ்பத்திரி எடுத்துக்கொள்ளட்டும்.

ஆனால் லேப் டாக்டருக்கு எப்படி புரோகிராம் எழுத வரும்? இங்கேதான் சான் பிரான்சிஸ்கோவில் இருந்த ஜார்ஜ் டிம்சன் வருகிறார். ஃபைல்மேன் என்று ஒரு கருவி செய்தார். இதைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இன்றைக்கு நீங்கள் லோ-கோட் என்று காசு கொடுத்து வாங்குவதன் சாரம் இதில் இருந்தது.

ஃபைல்மேனைத் திறந்தால் அது கேள்வி கேட்கும். எந்தக் கோப்பு? புதுசா ஒரு கட்டம் வேண்டுமா, அதற்கு என்ன பெயர்? அதில் என்ன வரும்: தேதியா, எண்ணா, இஷ்டத்துக்கு எழுதுகிற வாக்கியமா, இல்லை "ஆண், பெண்" மாதிரி குறிப்பிட்ட சில பதில்கள் மட்டுமா? இல்லை வேறொரு கோப்பில் இருக்கிற நோயாளியைச் சுட்டிக்காட்ட வேண்டுமா? பதில் சொல்லிக்கொண்டே போனால் தரவு உள்ளிடும் திரை தயார், தேடும் வசதி தயார், அறிக்கை தயார். ஒரு வரி கோடு எழுத வேண்டாம். நீங்கள் சொன்ன பதில்கள் எல்லாம் ஒரு அகராதியாக உள்ளே உட்கார்ந்திருக்கும். இந்த ஆஸ்பத்திரியில் "பிறந்த தேதி" என்றால் இன்ன வடிவம், இன்ன எல்லை, இன்ன கோப்பில் இருக்கிறது என்று அந்த அகராதியைத் திறந்தால் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அடுத்த ஊர் ஆஸ்பத்திரிக்காரரும் படிக்கலாம். அந்த அகராதியைத் தயவுசெய்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வரும்.

1978 வாக்கில் ஊருக்கு ஊர் மருந்தாளுநர், மனநல மருத்துவர், லேப் ஆட்கள் என்று பலரும் தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே செய்ய ஆரம்பித்தார்கள். தங்களைத் தாங்களே "ஹார்டுஹாட்ஸ்" என்று கூப்பிட்டுக்கொண்டார்கள். கட்டட வேலைக்காரர்கள் தலையில் மாட்டுகிற தொப்பி அது.

தலைமையகம் என்ன செய்திருக்கும்? நீங்கள் அரசு ஊழியராக இருந்தால் ஊகித்திருப்பீர்கள். 1979-ல் அந்தப் பிரிவையே கலைத்தார்கள். சிலர் வேலை போனது, சிலர் பதவி இறக்கப்பட்டார்கள், சில ஊர்களில் கணினிகளையே அணைத்து எடுத்துச் சென்றார்கள். காரணமும் சொன்னார்கள்: அனுமதி இல்லை, பாதுகாப்பு இல்லை, ஆளுக்கொன்று செய்தால் யார் பராமரிப்பது? மீதி ஆட்கள் வேலையை நிறுத்தவில்லை. ராத்திரியில் எழுதினார்கள், டேப்பில் பதிந்து ஊர்விட்டு ஊர் கை மாற்றினார்கள். இதற்கு ஒரு பட்டப்பெயரும் வந்தது: அண்டர்கிரவுண்ட் ரயில்ரோடு. 19-ம் நூற்றாண்டில் தென் மாநிலங்களில் அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களை ரகசியமாக வடக்கே தப்ப வைத்த வலைப்பின்னலின் பெயர் அது. உயிரைப் பணயம் வைத்த அந்த மனிதர்களோடு மென்பொருள் கடத்தியவர்களை ஒப்பிடுவது எனக்குக் கொஞ்சம் அதிகமாகத்தான் படுகிறது. ஆனால் பெயர் நிலைத்துவிட்டது.

உள்ளே இருந்தவர்களைக் காப்பாற்றியது, மென்பொருளைப் பயன்படுத்திய டாக்டர்களும் நர்ஸுகளும்தான். மேலதிகாரிகள் வந்து பார்த்தபோது, "இதை எடுத்துவிடாதீர்கள்" என்று அவர்கள்தான் நின்றார்கள். 1982-ல் அந்தத் துறையே கீழே இருந்து வந்த இந்த முறையை அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது. 1980-களின் நடுவில் அந்த ஆஸ்பத்திரிகள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் அதன் அடிப்படைப் பகுதிகள் ஓடின. பிறகு அதற்கு விஸ்டா என்று பெயர் வந்தது. அரசுப் பணத்தில் அரசு ஊழியர்கள் எழுதியது என்பதால் யாருக்கும் சொந்தமில்லை, கேட்டால் கொடுப்பார்கள்.

அதன் அழகை ஒரே ஒரு உதாரணத்தில் சொல்கிறேன். 1992-ல் கான்சாஸ் மாநிலம் டொபீகா ஆஸ்பத்திரியின் நர்ஸ் சூ கினிக், ஒரு பயணத்தில் வாடகைக் காரைத் திருப்பிக் கொடுக்கப் போயிருக்கிறார். அங்கே ஊழியர் கையில் ஒரு ஸ்கேனர், காரில் பார்கோடு, டிக் என்று ஒரு சத்தம், வேலை முடிந்தது. காருக்கே இப்படி என்றால் என் நோயாளிக்கு ஏன் கூடாது என்று அவருக்குத் தோன்றியது. நோயாளியின் கைப்பட்டையில் ஒரு பார்கோடு, மாத்திரையில் ஒரு பார்கோடு. இரண்டும் பொருந்தவில்லை என்றால் கணினி தடுக்கும். தவறான ஆளுக்குத் தவறான மருந்து போவது உலகம் பூரா இருக்கிற பிரச்சினை. ஒரு நர்ஸின் யோசனை அவருடைய ஆஸ்பத்திரியிலேயே முயன்று பார்க்கப்பட்டு, சில ஆண்டுகளில் நாடு முழுக்க அந்தத் துறையின் எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் போனது. அவர் வேலை செய்த இடத்தில் "நீ நர்ஸ்தானே, கம்ப்யூட்டரைப் பத்திப் பேசாதே" என்று சொல்லாத அமைப்பு இருந்தது. எத்தனை சிஸ்டர்கள் நம்மிடம் இப்படி ஏதாவது சொல்ல வந்து பாதியில் நிறுத்தியிருப்பார்கள்?

இதற்கிடையில் ஆஸ்பத்திரிக்கு வெளியிலும் இதே தாகம்தான். கடைகளுக்கும் கம்பெனிகளுக்கும் புரோகிராமர்கள் கிடைக்கவில்லை, கேட்டது வருவதற்கு வருடக்கணக்கில் ஆனது. ஹார்வர்டில் எம்.பி.ஏ. படித்துக்கொண்டிருந்த டான் பிரிக்ளினுக்கு, ஒரு எண்ணை மாற்றினால் மீதி எல்லாம் தானாக மாறுகிற ஒரு தாள் இருந்தால் எப்படி இருக்கும் என்று தோன்றியது. பாப் ஃபிராங்க்ஸ்டனோடு சேர்ந்து 1979-ல் விசிகால்க் வந்தது. இன்றைக்கு நீங்கள் பார்க்கிற எக்ஸலின் தாத்தா. அதற்காகவே ஆப்பிள் 2 கணினி வாங்கியவர்கள் உண்டு. விண்வெளி ஆய்வகத்தில் வேலை பார்த்த வேய்ன் ராட்லிஃப், கால்பந்துப் பந்தயத்தில் யார் ஜெயிப்பார்கள் என்று கணிக்க எழுதிய மென்பொருள்தான் பின்னாளில் டிபேஸ் ஆனது. 90-களில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் "டிபேஸ், ஃபாக்ஸ்புரோ" போர்டு பார்த்த தலைமுறைக்கு அது ஞாபகம் இருக்கும். 1982-ல் ஜேம்ஸ் மார்ட்டின் என்பவர் புரோகிராமர்கள் இல்லாமலே மென்பொருள் செய்வது பற்றி ஒரு புத்தகமே எழுதிவிட்டார். 1992-ல் மைக்ரோசாஃப்ட் ஆக்செஸ். 2006-ல் நம்ம சென்னையில் இருந்து ஜோஹோ கிரியேட்டர். "லோ-கோட்" என்ற பெயரை ஃபாரெஸ்டர் என்ற ஆய்வு நிறுவனம் சூட்டியது 2014-ல்தான். பிள்ளை வளர்ந்து கல்யாண வயசுக்கு வந்த பிறகு பெயர் சூட்டு விழா!

ஆக்செஸ் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் அது நம் பக்கத்து மாநிலம் வரை வந்தது. நிறவெறி ஆட்சி முடிந்தபோது தென்னாப்பிரிக்காவின் சுகாதாரத் துறை இனவாரியாகவும் பகுதிவாரியாகவும் சிதறிக் கிடந்தது. எத்தனை குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டோம் என்ற கேள்விக்கு ஒவ்வொரு துறையும் ஒவ்வொரு மாதிரி எண்ணும். 1990-களின் நடுவில் கேப் டவுனில், நார்வேயின் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களும் அங்கிருந்த சுகாதார ஊழியர்களும் ஆய்வாளர்களும் சேர்ந்து, ஆக்செஸை வைத்து மாவட்டச் சுகாதாரத் தகவலுக்கு ஒரு மென்பொருள் செய்தார்கள். அவர்கள் முதலில் செய்தது மென்பொருள்கூட இல்லை, எதையெல்லாம் எண்ணப் போகிறோம், ஒவ்வொன்றுக்கும் என்ன அர்த்தம் என்று எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரு சின்னப் பட்டியல். மறுபடி அந்த அகராதி, பார்த்தீங்களா? பிறகு அதை இணையத்தில் ஓடும்படி புதிதாக எழுதினார்கள். டி.எச்.ஐ.எஸ். 2 என்று பெயர். 2006-ல் அது முதன்முதலில் ஓடிய இடம் கேரளம். இன்றைக்கு எண்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கிறது.

இதுவரை சொன்னதை வைத்து, கீழே இருப்பவர்கள் எல்லாம் ஹீரோ, தலைமையகம் எல்லாம் வில்லன் என்று நினைத்துவிடாதீர்கள். நான் அப்படி நினைத்துக்கொண்டிருந்தவன்தான்.

2020 அக்டோபர், இங்கிலாந்து. கொரோனா இரண்டாவது அலை ஏறுகிறது. ஆய்வகங்களில் இருந்து வரும் முடிவுகளை இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு எக்ஸல் கோப்பில் ஏற்றிக்கொண்டிருந்தது. அதுவும் பழைய வடிவக் கோப்பு. அந்த வடிவத்தில் 65,536 வரிசைகள்தான் கொள்ளும். ஒரு டெஸ்ட் முடிவுக்கே பல வரிசைகள் போய்விடும். கோப்பு நிரம்பியதும் மீதி முடிவுகள் சத்தமில்லாமல் கீழே விழுந்தன. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 பாசிட்டிவ் கேஸ்கள் கணக்கில் வரவில்லை. அவர்களுக்கு "உங்களுக்குத் தொற்று இருக்கிறது" என்ற ரிசல்ட் போய்ச் சேர்ந்தது. ஆனால் அவர்களோடு பழகியவர்களைத் தேடுகிற வேலை அத்தனை நாள் தொடங்கவே இல்லை. அதில் எத்தனை பாட்டி தாத்தாக்கள் இருந்தார்களோ! 2007-லேயே எக்ஸல் பத்து லட்சம் வரிசைகளுக்கு மேல் கொள்ளும்படி மாறிவிட்டது. பழைய வடிவத்தை யாரும் மாற்றவில்லை. அவசரத்துக்கு யாரோ செய்த ஏற்பாடு, நாட்டின் உயிர்நாடி ஆகிவிட்டது. அது எவ்வளவு தாங்கும் என்று கேட்கும் பொறுப்பு யாருடைய மேஜையிலும் இல்லை.

அதே 2020-ல் மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு, சில மரபணுக்களின் பெயரையே மாற்றியது. மார்ச்1, செப்ட்1 என்று சுருக்கப் பெயர் கொண்ட மரபணுக்களை எக்ஸல் "மார்ச் 1-ம் தேதி", "செப்டம்பர் 1-ம் தேதி" என்று மாற்றிக்கொண்டே இருந்தது. ஆராய்ச்சிக் கட்டுரைகள் வரை அந்தத் தவறு போனது. அப்போது மென்பொருள் மாறவில்லை, மரபணு பெயரை மாற்றிக்கொண்டது. இதைப் படித்தபோது என் 04/07-க்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

விஸ்டாவுக்கு என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். வெற்றியே அதற்கு வினையானது. ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் தனக்கு வேண்டியபடி திருத்தித் திருத்தி, கடைசியில் சுமார் 130 தனித்தனிப் பிரதிகள். ஒரு ஊரில் சரி செய்த பிழை இன்னொரு ஊரில் அப்படியே இருக்கும். எழுதியவர்கள் ஓய்வு பெற்றார்கள். மம்ப்ஸ் தெரிந்த இளைஞர்கள் குறைந்தார்கள். 1979-ல் தலைமையகம் கேட்ட அந்தக் கேள்வி, "யார் பராமரிப்பது?", நாற்பது வருடம் கழித்துத் திரும்பி வந்து வாசலில் நின்றது. அவர்கள் கேட்ட விதம் தப்பு, கேள்வி தப்பில்லை.

2018-ல் எல்லாவற்றையும் தூக்கிவிட்டு செர்னர் நிறுவனத்தின் மென்பொருளுக்கு மாற, சுமார் 1,000 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டார்கள். 2020 அக்டோபரில் வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேன் ஆஸ்பத்திரியில் முதலில் நிறுவினார்கள். அங்கே என்ன நடந்தது என்று அந்தத் துறையின் தணிக்கை அதிகாரி அலுவலகம் 2022-ல் அறிக்கை கொடுத்தது. டாக்டர் ஒரு ஸ்கேனோ, நிபுணரிடம் அனுப்பும் பரிந்துரையோ போடுகிறார். போய்ச் சேர வேண்டிய இடம் சரியாகப் பொருந்தவில்லை என்றால், அந்த ஆர்டர் "தெரியாத வரிசை" என்ற ஒன்றுக்குள் போய்விழும். டாக்டருக்கு எச்சரிக்கை எதுவும் வராது. அப்படி 11,000-க்கும் மேற்பட்ட ஆர்டர்கள் தொலைந்தன. 149 நோயாளிகளுக்கு அதனால் பாதிப்பு என்று கண்டறிந்தார்கள். 2023 ஏப்ரலில் புதிய இடங்களில் நிறுவுவதை நிறுத்தி வைத்தார்கள். மறுபடி பாருங்கள், சத்தம் போடாத தவறு. ஆயிரம் கோடி டாலர் மென்பொருளும் என் இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஷீட்டும் ஒரே மாதிரிதான் வழுக்கியிருக்கின்றன.

ஃபைல்மேனிலும் கேப் டவுனிலும் இருந்து, இங்கிலாந்தின் எக்ஸலில் இல்லாமல் போனது என்ன என்று ரொம்ப நாள் யோசித்தேன். கோடு எழுதுகிறோமா, கட்டம் இழுக்கிறோமா என்பதில் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஒவ்வொரு கட்டத்துக்கும் என்ன அர்த்தம், என்ன எல்லை என்று எழுதி வைத்து, செய்தவர் இல்லாத நாளிலும் இன்னொருவர் படிக்க முடிகிற அந்த அகராதிதான் வித்தியாசம். இன்றைய லோ-கோட் கருவிகள் ஆப்பைச் செய்வதை அரை மணி நேரமாகக் குறைத்துவிட்டன. இந்த எழுதி வைக்கிற வேலையை ஒரு நிமிடம்கூடக் குறைக்கவில்லை. அதை விளம்பரத்தில் சொல்ல மாட்டார்கள்.

என் கதையின் மீதியையும் சொல்லிவிடுகிறேன். தேதிப் பிரச்சினையைச் சரி செய்தேன். நாள், மாதம், வருடம் மூன்றும் தனித்தனிக் கட்டம், மாதம் எண்ணில் இல்லாமல் பெயரில். இன்றைய தேதிக்கு ஒரு வாரத்துக்கு மேல் முந்தைய தேதி போட்டால் நிறுத்தி, "நிச்சயமா?" என்று கேட்கும். அதன்பின் எட்டு மாதம் நன்றாக ஓடியது. அப்புறம் எனக்கு டிரான்ஸ்ஃபர்.

நான் போன மூன்றாவது வாரம் சிஸ்டர் போன் பண்ணினாங்க. "சார், காலைல லிஸ்ட் வரல." ஆப் என்னுடைய சொந்த மெயில் கணக்கில் இருந்தது. போனை மாற்றியபோது பாஸ்வேர்டும் மாற்றியிருந்தேன், அங்கே இருந்த கம்ப்யூட்டரில் அது வெளியேறிவிட்டது. அத்தனை பேரின் போன் நம்பர்களும் கடிபட்ட விவரங்களும் என் சொந்தக் கணக்கில் கிடந்தன என்பதே அப்போதுதான் உறைத்தது. அது சரியே இல்லை. நோயாளியின் விவரம் என் பீரோவில் வைக்கிற பொருள் அல்ல.

"நோட்டு இருக்கில்ல சிஸ்டர்?"

"நோட்டு இல்லாம இருக்குமா சார்? நேத்து வராத மூணு பேருக்கும் போன் போட்டாச்சு."

அடுத்த ஞாயிறு நேரிலேயே போனேன். மேலதிகாரியிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, எல்லாவற்றையும் ஆஸ்பத்திரி கணக்குக்கு மாற்றினேன். என் கணக்கில் இருந்ததை அழித்தேன். எனக்குப் பின் வந்த டாக்டர் தம்பியையும் சிஸ்டரையும் உட்கார வைத்து, ஒவ்வொரு கட்டமும் எதற்கு, என்ன போடலாம், என்ன போடக்கூடாது என்று தமிழிலேயே எழுதினோம். நான்கு பக்கம் வந்தது. சிஸ்டர் இரண்டு இடத்தில் என்னைத் திருத்தினாங்க. ஊசி பாதியில் இருக்கும்போதே வேறு ஊருக்குப் போய்விடுகிற கூலி வேலைக்காரர்களுக்கு, "மீதி ஊசி எங்கே போட்டார்" என்று ஒரு கட்டம் இல்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அவங்க நோட்டில் அது முதல் பக்கத்தில் இருந்தே இருக்கிறது.

அந்த நான்கு பக்கத்தை லேமினேட் செய்து ஊசி அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். லிஸ்ட் தினமும் வருகிறதாம். நோட்டையும் இன்னும் நிறுத்தவில்லை.

உங்கள் ஆபீஸிலும் யாரோ ஒருவர் செய்த ஷீட்டோ ஆப்போ ஓடிக்கொண்டிருக்கும். அது யார் கணக்கில் இருக்கிறது என்று தெரிந்தால் கீழே எழுதுங்கள். எனக்கு நைட் டூட்டி, காலையில் படிக்கிறேன்.